போனில் அடுக்கி பென்டிரைவில் ஏற்றிய அப்பாவின் பாட்டு காரில் வரிசை மாறுகிறதா?

கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, பென்டிரைவைக் காலி செய்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றுங்கள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில், கண்ணமங்கலத்தில் அப்பா எதிர்பார்க்கும் பாட்டு போளூர் தாண்டி வருகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இதில் சரியாகிவிடும்.

போனில் அடுக்கிய பிளேலிஸ்ட் வெறும் பட்டியல்தான். பாட்டை மட்டும் நகலெடுத்தால் வரிசை கூடவே வராது. பல கார் ஸ்டீரியோக்கள் பெயரையும் பார்ப்பதில்லை; முதலில் ஏறியதுதான் முதலில் பாடும், பந்திக்கு முந்துகிற கதைதான்.

பென்டிரைவைக் காலி செய்யுமுன், ஸ்டீரியோவில் ஷஃபிள் (பாட்டைக் கலைத்துப் போடும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். காலி செய்த அப்புறம் முதலில் மூன்றே பாட்டை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

போனில் பாட்டு கேட்கும் ஆப்புக்குள் டவுன்லோடு செய்தவை பெரும்பாலும் பூட்டிய கோப்புகள், பென்டிரைவில் ஓடாது, எம்பி3 வேண்டும். காலி செய்யுமுன் எல்லாவற்றையும் கணினியில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அப்பா வருஷக்கணக்கில் சேர்த்தது, அழித்துவிட்டு அவரிடம் சொல்ல முடியாது.