ஃபேனை யார் அணைக்கச் சொன்னது?

கேள்வி: சமூக மன்றத்தில் உளவியல் முதலுதவிப் பயிற்சி (அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு மனத்தளவில் முதல் ஆதரவு கொடுப்பது) முடித்து, பேரிடர் தொண்டூழியராக இருக்கிறேன். அடுத்த கட்டப் பயிற்சிக்கும் பெயர் கொடுக்க ஆசை. 'சனி ஞாயிறுகூட வீட்டில் இல்லை' என்று கணவர் முணுமுணுக்கிறார். சேவை எனக்கு அப்பாவிடமிருந்து வந்த குணம். 1986இல் சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்தபோது மீட்புப் பணிக்குப் போனவர். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஹால் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், கரண்ட் பில் கவலை. கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கணவரை அப்புறம் பார்க்கலாம். முணுமுணுக்கும் கணவர்களைப் பற்றி எனக்கு மாதம் நாலு கடிதம் வருகிறது. ஃபேனைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

கரண்ட் பில் என்று சொன்னது யார், அவரா, நீங்களா?

சிராங்கூன் சாலையில் அந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. நாள்கணக்கில் தோண்டி 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். 33 பேர் போய்விட்டார்கள். இடிபாட்டில் ஆள் தேடுகிறவர்கள் அவ்வப்போது இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள், உள்ளே யாராவது தட்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று. ராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நிஜமாகவே கரண்ட் பில்லாகவும் இருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தானே தெரியும்! பார், கேள், உதவியோடு சேர்த்துவிடு என்று படித்தவர் நீங்கள். முன்பின் தெரியாதவர் அருகே உட்காரப் பயிற்சி எடுத்த பிள்ளை, பெற்றவர் அருகே உட்காரவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்கான கையேட்டை வெளியிட்டதே 2011இல். உங்கள் அப்பாவுக்கு அது 25 வருடம் தாமதம். உங்களுக்கு என்ன சாக்கு?

அடுத்த பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மணிக்கு எழுந்திருங்கள். ஃபேனைப் போடாதீர்கள். ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். 'அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கப்பா' என்று கிளறக் கூடாது. வற்புறுத்திச் சொல்லவைப்பது கெடுதல் என்பது உங்களுக்கே தெரியும். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டாலும் மறுநாளும் எழுந்திருங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். ராத்திரியில் உங்களுக்கே கைமீறிப் போனால் மனநல உதவி எண் 1771க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் ஆள் உண்டு.

கணவரையும் ஒரு ராத்திரி எழுப்பிவிடுங்கள். மாமனார் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மருமகனுக்கு மட்டும் என்ன தூக்கம்?