மண்ணின் விளைதிறனை நிபுணர்கள் கணிப்பது என்றால் என்ன?

ஒரு நிலத்தில் ஒரு பயிர் சராசரியாக எவ்வளவு விளையும் என்பதை, மண்ணை நன்கறிந்தவர்கள் அதன் குணங்களைப் பார்த்துச் சொல்வதுதான் இது. எல்லா நிலத்துக்கும் பல வருட மகசூல் கணக்கு இருக்காது. அப்படிக் கணக்கு இருந்தாலும், அதில் உரம், மழை, விவசாயியின் கைத்திறன் எல்லாம் கலந்திருக்கும். அதனால் மண்ணின் ஆழம், களித்தன்மை, வடிகால், உப்பு ஆகியவற்றைப் பார்த்து, விளைச்சல் தெரிந்த அதே மாதிரி மண்ணோடு ஒப்பிடுவார்கள். மாட்டுச் சந்தையில் பல்லையும் மடியையும் பார்த்துக் கறவையைச் சொல்கிறார்களே, அப்படி.

பண்ருட்டிச் செம்மண்ணில் தண்ணீர் தேங்காது, வேர் ஆழமாக இறங்கும். பலாவுக்கும் முந்திரிக்கும் கொண்டாட்டம். நெல்லுக்கு அதுவே குறை. காட்டுமன்னார்கோவில் களிமண்ணில் கதை தலைகீழ்.

‘மண் பரிசோதனைச் சீட்டு இருக்கும்போது இது எதற்கு?’ என்று பலர் கேட்பார்கள். அந்தச் சீட்டு பெரும்பாலும் மேல்மண்ணின் சத்தைத்தான் சொல்லும். ஆழத்தையும் வடிகாலையும் சொல்லாது.