வெங்காயத் தோலும் கன்னத்துச் செல்லும்: கேள்வி பதில்

(வேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆய்வகங்களில் நுண்ணோக்கியில் பார்க்கப் பல வருஷம் ஸ்லைடு போட்டவன் என்பதால் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

காட்பாடி, பிளஸ் ஒன் மாணவி: சார், வெங்காயத் தோலை வைத்தேன். கறுப்பு விளிம்போடு வட்ட வட்டமாகத் தெரிகிறது. அதுதான் செல்லா?

இல்லைம்மா, அது காற்றுக் குமிழ். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை, அதாவது கவர் ஸ்லிப்பை, தொப்பென்று போட்டிருப்பாய். ஒரு ஓரத்தைத் தண்ணீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கியபடி மெல்லச் சாய்த்து இறக்கு. வெங்காயச் செல் செங்கல் அடுக்கினாற்போல நீள நீளமாக, இடைவெளியே இல்லாமல் இருக்கும். மேலே இருக்கும் காய்ந்த சருகு இதற்கு வேண்டாம். உள்ளிதழின் குழிந்த பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி உரியும் பார், அதுதான் வேண்டும். அப்புறம், நம்மூர் மே மாத வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்.

குடியாத்தம், ஒரு அம்மா: பையன் கன்னத்துச் செல் எடுக்கணுமாம். வலிக்குமா? சாயத்துக்கு எங்கே போவது?

வலிக்காதுங்க. வாய் கொப்பளித்துவிட்டு, பல்குத்தியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகத் தேய்த்தால் போதும். ஒருவர் குச்சியை இன்னொருவர் தொடக் கூடாது. சாயத்துக்கு மெத்திலீன் நீலம் என்று வளர்ப்பு மீன் கடையில் கேளுங்கள், மீன்களுக்கு மருந்தாக விற்பார்கள். தேய்த்து எடுத்ததை ஸ்லைடில் தடவி, நீர்த்த நீலம் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, மிச்சத்தை டிஷ்யூ பேப்பரால் உறிஞ்சி எடுங்கள். முதலில் 100 மடங்கில் தேடி, பிறகு 400-க்குப் போகச் சொல்லுங்கள். ஓரம் மடிந்த அப்பளம் மாதிரி, நடுவில் அடர்நீலப் புள்ளியோடு தெரியும். அந்தப் புள்ளிதான் உட்கரு.

ஆற்காடு, ஆசிரியை: வெங்காயச் செல்லில் பசுங்கணிகம் வரைகிறார்கள். மார்க் போடலாமா?

நான் போடமாட்டேன். இலைக்குப் பச்சை நிறம் தரும் மணிதான் பசுங்கணிகம்; அந்தத் தோலில் அது கிடையாது. புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்தது அது. வேலம்பாசி என்ற தண்ணீர்ச் செடியின் இலை ஒன்றை வெளிச்சத்தில் வைத்திருந்து, சாயமில்லாமல் பாருங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக ஊர்ந்து போகும். ஒரு தடவை பார்த்த பிள்ளை வெங்காயத்தில் அதை வரையாது.

அதே மாணவி: மைட்டோகாண்ட்ரியா தெரியவில்லையே சார்?

செல்லுக்குச் சக்தி தரும் அந்த நுண்ணுறுப்பு, பள்ளியில் போடும் சாயத்தில், பள்ளி நுண்ணோக்கியில் தெரியாது. விட்டுவிடு.

வாணியம்பாடி, ஒன்பதாம் வகுப்பு: செல் சுவர் தனி, சவ்வு தனி என்று கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். வெங்காய இதழின் ஊதா நிற வெளிப்பக்கத் தோலை உரித்து, ஓரத்தில் கெட்டியான உப்புத்தண்ணீர் விடு. ஊதா மட்டும் சவ்வோடு சேர்ந்து சுருங்கி உள்ளே போகும், சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி விரியும். சீக்கிரம் விடு, ரொம்ப நேரம் ஊறினால் செல் செத்துவிடும்.