ஆரஞ்சு வைனில் ஆரஞ்சு எங்கே?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மைத்துனர் 'ஆர்கானிக் ஆரஞ்சு வைன்' என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து தந்தார். ஆரஞ்சுப் பழத்தில் செய்ததா? கலங்கலாக இருக்கிறது. கெட்டுப்போனதோ என்று திறக்காமல் வைத்திருக்கிறோம்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கொட்டிவிடாதீர்கள். அதில் ஆரஞ்சு ஒரு சுளைகூடக் கிடையாது. எல்லாம் வெள்ளைத் திராட்சைதான். வழக்கமான வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சிவப்பு வைனுக்குக் கருப்புத் திராட்சை தோலோடும் விதையோடும் புளிக்கும். இந்தச் சிவப்பு வைன் முறையை வெள்ளைத் திராட்சைக்குச் செய்தால் கிடைப்பதுதான் உங்கள் பாட்டில். சில நாள் முதல் ஆறு மாதம் வரை தோல் சாற்றிலேயே ஊறும். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்து வருபவை. பலர் வடிகட்டாமலே பாட்டிலில் அடைப்பதால் கலங்கல். ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால் மண்டி இறங்கிவிடும். வினிகர் நெடி மூக்கில் ஏறினால் மட்டும் கொட்டலாம்.

நான் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தபோது இதை மேசைக்குக் கொண்டுபோனால், "பழசை ஊற்றுகிறாயா?" என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு, இரண்டாவது கிளாஸ் கேட்டவர்களும் உண்டு.

கேள்வி: ஜார்ஜியா நாட்டில் இதை மண்ணுக்குள் புதைத்த பானையில் செய்வார்களாமே? நம் ஆதிச்சநல்லூர்த் தாழி மாதிரியா?
- வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: அசப்பில் அதேதான். வயிறு பெருத்து, அடி குறுகி இருக்கும். நம் ஆட்கள் இறந்தவர்களை வைத்தார்கள், அவர்கள் திராட்சையை வைக்கிறார்கள்! பெயர் க்வெவ்ரி. உள்ளே தேன்மெழுகு பூசி, வாய் மட்டும் தெரியும்படி புதைத்திருப்பார்கள். மண்ணுக்குள் சூடு ஏறாது என்பதால் நிதானமாகப் புளிக்கும். ககேத்தி பகுதியில் ர்க்கத்ஸிதெலி என்ற வெள்ளைத் திராட்சையைத் தோல், விதை, காம்பு சகிதம் போட்டு ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள். 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தாலியின் ஒஸ்லாவியாவில் யோஷ்கோ கிராவ்னர் என்பவர் நவீன முறையில் வெள்ளை வைன் செய்து பெரிய பெயர் வாங்கியவர். 2000-ல் ஜார்ஜியா போய்ப் பார்த்தார். 2001 அறுவடையை அங்கிருந்து வரவழைத்த பானைகளில் போட்டார். நன்றாக ஓடுகிற வியாபாரத்தை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

கேள்வி: ஆர்கானிக் என்றால் தலைவலி வராதாமே? சர்க்கரை நோயாளி குடிக்கலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆல்கஹால் அதே ஆல்கஹால்தான் அண்ணாச்சி, அளவு மீறினால் தலைவலி வரும். வைன் கெடாமலிருக்கக் கந்தகம் சேர்ப்பதும் தடையில்லை. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத வெள்ளை வைனில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சல்ஃபைட் (அந்தக் கந்தகச் சேர்மம்) இருக்கலாம். ஆர்கானிக் என்றால் 150, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: மருந்தடித்த தோட்டத்துப் பழமென்றால் மருந்து முதலில் படிவது தோலில். அந்தத் தோல் மாதக்கணக்கில் ஊறுகிற வைனில் 'ஆர்கானிக்' முத்திரைக்கு மற்ற வைன்களைவிட அர்த்தம் அதிகம் என்பது என் கட்சி.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு மது சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: எதோடு சாப்பிட?
- வாசகர், திருநெல்வேலி டவுண்

பதில்: சொதி! தேங்காய்ப்பால் துவர்ப்பை அடக்கிவிடும், தொட்டுக்கொள்ளும் இஞ்சிப் பச்சடிக்கும் வைன் ஈடுகொடுக்கும். காரம் தூக்கலான மீன் குழம்போடு வேண்டாம், எரிச்சல்தான் கூடும். ஐஸ் போல் குளிர வைத்தால் மணம் செத்துத் துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அதற்காக நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவும் முடியாது. ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிட உட்காருவதற்குக் கால்மணி நேரம் முன்னால் எடுங்கள்.

கேள்வி: கிறிஸ்மஸுக்கு வீட்டிலேயே செய்யலாமா? கம்பம் திராட்சை கிடைக்கிறது.
- வாசகி, சுரண்டை

பதில்: கம்பம் பன்னீர் திராட்சை கருப்பு வகை, சிவப்பு வைன்தான் வரும். கடைப் பச்சைத் திராட்சை பெரும்பாலும் விதையில்லாதது, தோலும் மெல்லிசு. அதைவிட முக்கியம், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். திராட்சை ஜூஸ் போடுங்கம்மா.