புகார் கொடுத்தவருக்கே மெமோ!

கேள்வி: மாற்றுத்திறன் குழந்தைகள் தங்கிப் படிக்கும் தனியார் சிறப்புப் பள்ளியில் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் தொல்லை பற்றி குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னேன். இப்போது எனக்கு மெமோ, 'பொய்ப் புகார் வழக்கு போடுவோம்' என்று மிரட்டல். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் செய்தது சட்டம் கட்டாயமாக்கிய கடமை, சகோதரி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தகவல் தெரிந்த எவரும் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு வராது. மறைத்த நிறுவனத் தலைவருக்குத்தான் 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. பொய்ப் புகாருக்கான 22-ஆம் பிரிவு, அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ அவதூறு செய்யவோ தெரிந்தே பொய் சொன்னவர்களுக்கு மட்டும்.

போனில் சொன்னதோடு நிற்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அடி, பட்டினி, கட்டிப்போடுதல் இருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7-ஆம் பிரிவில் பத்மநாபபுரம் சப்-கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம்.

மெமோவுக்குக் கெடுவுக்குள் சுருக்கமாகப் பதில் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். புகார் தேதியையும் மெமோ தேதியையும் அதில் குறிப்பிடுங்கள். பழிவாங்கலுக்கு அந்த வரிசையே சாட்சி. வெற்றுத் தாளில் கையெழுத்து, ராஜினாமா இரண்டும் வேண்டாம்.

குழந்தையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்பினால் நீங்களே குற்றவாளி ஆவீர்கள், கவனம். 2014 தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தை நம்பாதீர்கள். அது தனியார் பள்ளிக்குப் பொருந்தாது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.