கட்டங்களும் விடைகளும்: வாசகர் கேள்வி – பதில்

மொரீசியஸில் வெளிவரும் நம் இதழின் குறுக்கெழுத்துப் புதிர்களையும் பொது அறிவுப் பகுதியையும் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நாம் தந்த விடை தவறு என்று வாதாடுபவை. வாதாடும் வாசகர்கள் புதிரைக் கவனமாகப் போட்டவர்கள் என்பதால், அவர்களுக்கே முதலிடம் தருகிறோம்.

கேள்வி: சென்ற இதழின் குறுக்கெழுத்தில் ‘நாட்டின் மிக உயரமான சிகரத்தின் பெயரில் ஒளிந்திருக்கும் நிறம்’ என்று நான்கு கட்டங்களுக்குக் குறிப்புக் கொடுத்திருந்தீர்கள். பீட்டர் போத் என்னும் பெயரில் எந்த நிறமும் இல்லையே? குறிப்புத் தவறா, கட்டம் தவறா? (ரோஸ் ஹில் வாசகர்)

பதில்: குறிப்பும் சரி, கட்டமும் சரி; மலைதான் வேறு. பீட்டர் போத் சிகரத்தின் உயரம் 820 மீட்டர். தீவின் தென்மேற்கில் உள்ள பித்தோன் த லா பெத்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர் உயர்ந்து முதலிடத்தைப் பிடிக்கிறது. சிறிய கறுப்பு ஆற்றின் சிகரம் என்பது அதன் பெயர். ஆகவே விடை ‘கறுப்பு’.

தங்களைப் போலவே பலரும் பீட்டர் போத்தை எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் அந்த மலையின் தோற்றமே. உச்சியில் ஒரு பெரும்பாறையைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் அது தலைநகரின் பக்கம் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. டச்சுக் கிழக்கிந்தியப் பகுதிகளின் முதல் தலைமை ஆளுநராக இருந்து, 1615இல் நம் கரையோரம் கப்பல் உடைந்து மூழ்கிப் போனவரின் பெயரைத் தாங்கியிருப்பதால் கதையும் கூடவே வருகிறது. உண்மையில் உயரமான சிகரமோ, அடையாளம் சொல்லும்படியான தலை எதுவும் இல்லாமல், காடு மூடிய மலைத்தொடருக்குள் அடங்கிக் கிடக்கிறது. எட்டு மீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் அளக்க முடியாது என்பதால், ‘மிக’ என்ற சொல் வரும் எந்தக் குறிப்பையும் நினைவை நம்பி நிரப்பாமல் ஒருமுறை எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 1847ஆம் ஆண்டின் நமது அஞ்சல் தலைகளைப் பற்றிய வினாவில், ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று பொறிக்க வேண்டிய இடத்தில் ‘அஞ்சல் அலுவலகம்’ என்று தவறிப் பொறித்துவிட்டதால்தான் அவை புகழ்பெற்றன என்ற செய்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்? எல்லாப் பொது அறிவு நூல்களிலும் இருக்கிறதே? (போர்ட் லூயிஸ் வாசகர்)

பதில்: நூல்களில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தி உண்மையாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால்தான் வேண்டுமென்றே விட்டோம். கண் பார்வை மங்கிய கிழவர் ஒருவர் வாசகத்தை மறந்துபோய், அதைக் கேட்டுவர அஞ்சலகத்துக்கு நடந்தபோது வாசற்பலகையில் கண்டதையே வந்து செதுக்கிவிட்டார் என்று கதை போகிறது. செதுக்கியவரான ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர். அதைவிட வலுவான சான்று வேறு உண்டு: அதற்கு முன்பே இத்தீவின் கடிதங்களில் குத்தப்பட்ட முத்திரைகளில் ‘அஞ்சல் அலுவலகம்’ என்ற வாசகம் இருந்தது, அதே 1847 ஜூலையில் அமெரிக்கா வெளியிட்ட முதல் இரண்டு அஞ்சல் தலைகளிலும் அதே வாசகந்தான் காணப்படுகிறது. அமெரிக்காவிலும் ஒரு கிழவர் மறந்துபோனார் என்று சொல்ல முடியாதல்லவா? 1848இல் அடுத்த வெளியீட்டில் வாசகம் மாற்றப்பட்டதைப் பார்த்த பிற்காலத்தவர்கள், முந்தையதைப் பிழை என்று கருதிக்கொண்டிருக்கலாம்.

அந்தத் தலைகள் அரியவையானதற்குப் பிழை தேவையில்லை. ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பிலும் இரண்டு பென்னி நீலத்திலும் வகைக்கு ஐந்நூறு மட்டுமே அச்சிடப்பட்டன; இன்று உலகில் எஞ்சியிருப்பவையாக அறியப்பட்டவை 27 மட்டுமே. ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி தாம் நடத்திய நடன விருந்தின் அழைப்பிதழ்களுக்கு அவற்றுள் சிலவற்றை ஒட்டி அனுப்பினார். 1993இல் நம் நாட்டு நிறுவனங்கள் சில சேர்ந்து ஏலத்தில் மீட்டுவந்த இரண்டை, கோடான் துறைமுக முகப்பில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் காணலாம். ஒளி பட்டு நிறம் மங்காதிருக்க, அசல் தலைகளுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் சற்றுநேரம் மட்டுமே விளக்கேற்றுகிறார்கள். மற்ற நேரங்களில் நகல்களைத்தான் பார்க்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘பிரிட்டனுக்கு வெளியே பிரித்தானியப் பேரரசில் வெளிவந்த முதல் அஞ்சல் தலை எது?’ என்று கேட்டால், நம் தலைகளுக்குச் சில மாதங்கள் முன்னதாக டிரினிடாடில் ஒரு நீராவிக் கப்பலின் உரிமையாளர் வெளியிட்ட ‘லேடி மெக்லியோட்’ தலையைக் காட்டி யாரேனும் மறுக்கலாம். ‘அரசு வெளியிட்ட’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டால் மறுக்க இயலாது. வினா எழுதுகிறவரின் திறமை பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

கேள்வி: குறுக்கெழுத்துப் புதிரைக் கண்டுபிடித்தவர் யார்? போர்க்காலத்தில் ஒரு புதிராசிரியரை ஒற்றர் என்று சந்தேகித்தார்கள் என்பது உண்மையா? (வாகுவா வாசகர்)

பதில்: லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21இல் ‘நியூயார்க் வோர்ல்ட்’ நாளிதழில் வெளியிட்ட சாய்சதுர வடிவப் புதிரே இன்றைய வடிவத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர் வைத்த ‘வேர்ட்-கிராஸ்’ என்ற பெயரின் இரு பாதிகளும் சில வாரங்களுக்குப் பின் அச்சில் இடம் மாறிவிட, மாறிய ‘கிராஸ்-வேர்ட்’ என்ற பெயரே நிலைத்தது. (இந்தப் பிழைக் கதை உண்மையானது!)

ஒற்றர் விவகாரமும் உண்மையே. 1944 மே மாதத்தில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ புதிர்களில் யூட்டா, ஒமாஹா, மல்பெரி, ஓவர்லார்ட் ஆகிய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாக வந்தன. ஜூன் 6இல் நடக்கவிருந்த நார்மண்டித் தரையிறக்கத்துக்கு நேச நாடுகள் வைத்திருந்த இரகசியப் பெயர்கள் அவை. புதிர்களை இயற்றிய பள்ளித் தலைமையாசிரியர் லியோனார்ட் டாவை உளவுத்துறையினர் விசாரித்து, குற்றமற்றவர் என்று விட்டனர். காலியான கட்டங்களில் சொற்களை நிரப்பும்படி அவர் மாணவர்களிடம் சொல்வது வழக்கம் என்றும், அருகில் முகாமிட்டிருந்த படைவீரர்களிடம் கேட்ட சொற்களையே தாங்கள் எழுதிக் கொடுத்ததாகவும் 1984இல் ஒரு முன்னாள் மாணவர் கூறினார்.

கேள்வி: பிரெஞ்சு நாளிதழ்களின் புதிர்களை நாள்தோறும் போடுபவள் நான். அவற்றில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று இரண்டே திசைகள். தமிழ்ப் புதிர்களில் மட்டும் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்கள் தலைகீழாக ஓடுவதும், ‘எழுத்துகள் கலைந்துள்ளன’ என்று போடுவதும் ஏன்? இது விளையாட்டு விதிக்குப் புறம்பானதல்லவா? (குவாத்ர் போர்ன் வாசகி)

பதில்: புறம்பாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இதற்குக் காரணம் நம் எழுத்தின் அமைப்பே. பிரெஞ்சுப் புதிரில் ஒரு கட்டத்தில் விழக்கூடிய எழுத்துகள் 26. உயிரெழுத்தின் மேல் வரும் குறிகளைக்கூட அவர்கள் கட்டத்துக்குள் கணக்கில் கொள்வதில்லை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் தனித்தனிக் கட்டத்துக்கு உரியவை. இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் ‘க’வும் ‘கா’வும் ஒன்றாகா, ‘க்’ அவை இரண்டுமாகாது. எனவே குறுக்கே ஓடும் சொல்லுக்குப் பொருந்தும்படி மேலிருந்து கீழாக ஓடும் சொல்லைத் தேடுவது பன்மடங்கு கடினம்.

அதைவிடப் பெரிய இடையூறு புள்ளி வைத்த எழுத்து. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்களில் முடியவும் முடியாது. மேலே கண்ட ‘கறுப்பு’ என்ற விடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புதிரின் முதல் வரிசையில் வைத்தால் மூன்றாம் கட்டத்தில் ‘ப்’ விழும். அங்கிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்க இலக்கணம் இடந்தராது. கீழிருந்து ஏறி வந்து அங்கே முடிக்கவும் இடமில்லை. வேறு வழியின்றி அதனடியில் கட்டத்தை அடைத்துவிட வேண்டும், அல்லது சொல்லையே நடு வரிசைக்கு இறக்கி, ‘உப்பு’, ‘கப்பல்’, ‘தொப்பி’ போன்ற ஒன்று அதை ஊடறுத்துப் போகும்படி செய்ய வேண்டும். மெல்லினமும் இடையினமும் சற்றுத் தாராளமானவை: முதல் வரிசையில் ‘ன்’ விழுந்தால் அதிலிருந்து கீழே இறங்க முடியாவிட்டாலும், ‘கண்ணன்’ என்று கீழிருந்து மேலே ஏறி அதில் முடிக்கலாம். கீழிருந்து மேல் என்ற திசை பிறந்ததன் பயன் இதுதான். வலமிருந்து இடம் என்பதும் இடது ஓரக் கட்டங்களுக்கு அதே உதவியைச் செய்கிறது. நம் ஊர்ப் பெயர்கள் சில இந்த இலக்கணத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், கியூர்பிப் என்ற பெயரைக் கீழிருந்து ஏற்றி, ‘கறுப்பு’ என்பதன் ‘ப்’பில் கொண்டுவந்து முடித்துத் தப்பிக்கவும் வழியுண்டு.

எழுத்துகளைக் கலைத்துப் போடுவதைப் பற்றி மட்டும் தங்கள் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. எந்தச் சொல்லும் பொருந்தாத மூலையில் ஓரிடத்தில் அதைச் செய்வது மன்னிக்கத்தக்கது. ஒரே புதிரில் ஐந்தாறு இடங்களில் கலைத்து வைப்பது இயற்றியவரின் சோம்பலே. இவ்விதழ் முதல் ஒரு புதிருக்கு ஒன்றுக்கு மேல் கலைந்த சொல் வராது.

பிரெஞ்சுப் புதிர்களில் ஒரு வரிசையின் குறிப்புகளை எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாகக் கொடுப்பார்கள் என்பதும், ஆங்கிலப் புதிர்களில் சட்டத்தை அரைச்சுற்றுத் திருப்பினாலும் அடைத்த கட்டங்கள் அதே இடங்களில் நிற்கும் என்பதும் தாங்கள் அறிந்தவையே. அந்த ஒழுங்கைத் தமிழில் வற்புறுத்தினால் புதிர் அழகாக இருக்கும், சொற்கள் தாம் கிடைக்கமாட்டா.

கேள்வி: மொரீசியஸ், மொரீஷியஸ், மொரிசியசு: கட்டத்தில் எதை எழுதுவது? (மயேபூர் வாசகர்)

பதில்: மூன்றுக்கும் ஐந்து கட்டங்களே. இந்தப் பெயர் வரும்போதெல்லாம், எவ்வகையில் எழுதினாலும் மாறாத ‘மொ’, ‘ய’ ஆகிய கட்டங்களில் மட்டுமே வேறு சொல் வெட்டும்படி அமைக்கிறோம். ஆகவே விரும்பியவாறு எழுதலாம்.

கேள்வி: டோடோ பறவை 1681இல் அழிந்தது என்று என்னிடம் உள்ள வினாடி வினா நூல் சொல்கிறது, என் பேரனின் நூல் 1662 என்கிறது. எது சரி? (பாம்ப்ளமூஸ் வாசகர்)

பதில்: இரண்டையும் விடையாக ஏற்க முடியாதபடி வினாவே பழுதுபட்டிருக்கிறது. 1662 என்பது, கப்பல் உடைந்து கரையேறிய டச்சுக்காரர் ஒருவர் அருகிலிருந்த சிறு தீவொன்றில் அப்பறவையைக் கண்டதாகப் பதிவான ஆண்டு. பலரும் ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி அதுவே. கடைசியாகக் காணப்பட்ட ஆண்டும் கடைசிப் பறவை இறந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னதைக் குறித்து வைக்க அங்கே யாரும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்க விரும்பினால் அதன் குடும்பத்தைக் கேட்கலாம். இன்று வாழும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. ‘டோடோவின் சொந்தக்காரர், கோயில் கோபுரத்தில் குடியிருப்பவர்’ என்று இரண்டு கட்டங்களுக்குக் குறிப்பு எழுதினால், தங்கள் பேரனும் தாங்களும் ஒரே விடையைத்தான் எழுதுவீர்கள்.

கேள்வி: நம் பணத்தாள்களில் தமிழர் படம் உள்ளது எது? (கியூர்பிப் வாசகர்)

பதில்: நூறு ரூபாய். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். தாள்களில் ஆங்கிலத்தை அடுத்து வழக்கமாகத் தமிழ் இடம்பெறும். 1998இல் வந்த வரிசையில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டதால் எதிர்ப்பு எழுந்து, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய முறையில் மீண்டும் அச்சிடப்பட்டன.

கேள்வி: என் மகள் பள்ளியில் தமிழ் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். தங்கள் குறுக்கெழுத்து அவளுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? (திரியோலேயிலிருந்து ஒரு தாய்)

பதில்: எங்கள் புதிரிலிருந்து தொடங்க வேண்டாம், அம்மா. குறிப்பைக் கட்டத்துக்குள்ளேயே எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டும் பிரெஞ்சு முறைப் புதிரைத் தங்கள் மகள் நாளிதழில் பார்த்திருப்பாள். எண்ணைத் தேடி வேறு பக்கம் போக வேண்டியதில்லை என்பதால் சிறுவர்க்கு அதுவே ஏற்றது. ஐந்துக்கு ஐந்து சட்டம் போதும். எழுத்துக்கூட்டல் உறுதிப்படும் வரை குறிப்புக்குப் பதிலாகச் சிறு படமே வரைந்து கொடுக்கலாம்.

சொற்களைப் பாடநூலிலிருந்து எடுப்பதைவிட, அவள் கிரியோலில் பேசும்போதே சொல்லிப் பழகியவற்றிலிருந்து எடுங்கள். காவடி, பால்குடம், ரசம், கறி போன்றவற்றை ஒலியால் அறிந்திருப்பாள். எழுத்தால் காண்பதுதான் புதிது. புள்ளி எழுத்துகள் மேலே சொன்ன தொல்லையைத் தருவன என்பதால், முதலில் புள்ளியே இல்லாத ‘காவடி’, ‘வடை’ ஆகிய இரண்டைக் கொண்டு தொடங்குங்கள்: ‘காவடி’யைக் குறுக்கே எழுதினால் அதன் ‘வ’வே கீழே இறங்கும் ‘வடை’க்கும் முதலெழுத்தாகிவிடும். புள்ளி வைத்த ‘தேர்’ அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.