காய்ச்சலோட என்ன டார்ம்ல விட்டுட்டு போனாங்க, இனி இவங்க ஃபிரண்ட்ஸா?

கேள்வி:

மேடம், இத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உங்களுக்கு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. எனக்கு 28 வயசு. சொந்த ஊர் மதுரை பக்கம், சென்னைல ஐடி வேலை. காலேஜ் ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்த நாலு பொண்ணுங்க நாங்க, ஒருத்திக்கு கல்யாணம் ஆயிட்டா அப்புறம் எங்க போறதுன்னு வருஷக்கணக்கா பேசிட்டே இருந்து போன அக்டோபர் கடைசில ஒருவழியா வியட்நாம் போயிட்டு வந்தோம். பேக்கேஜ் டூர் எல்லாம் இல்ல, முதுகுல பைய மாட்டிட்டு டார்ம்ல (பல பேருக்கு ஒரே ரூம், அடுக்கு பெட்டு) தங்கி, நைட் பஸ், ட்ரெயின்னு சுத்தறது. பேரு வேண்டாம், ஒருத்திய ரூம்மேட்னு சொல்றேன் (இப்பவும் நானும் அவளும் ஒரே வீடு), ஒருத்தி பெங்களூர்காரி, இன்னொருத்தி சின்னவ.

பிளான் பூரா நான்தான். இ-விசா ஆளுக்கு 25 டாலர், அதுல சின்னவ பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, நம்மாளுங்களுக்கே உள்ள தலைவலி, அந்த கட்டத்துல என்ன போடறதுன்னு தேடினது, டார்ம் புக் பண்ணது, ட்ரெயின் டிக்கெட் எல்லாமே நான். குரூப்ல கேட்டா மூணு பேரும் ‘உனக்கு ஓகேன்னா எங்களுக்கு ஓகே’ம்பாங்க, அங்க போய் எறங்கினதும் ‘ஏன்டி மேல் பர்த் போட்ட, ஏன்டி இவ்ளோ தூரம் நடக்க விடற’. பெங்களூர்காரி என்ன வார்டன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டா. நானும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

நல்லா இல்லாம இல்ல மேடம். ஹனோய் ஓல்டு குவார்ட்டர்ல பொம்ம சைஸ் பிளாஸ்டிக் ஸ்டூல்ல முழங்கால் தாடைல இடிக்க உக்காந்து எக் காஃபி குடிச்சோம், ரூம்மேட் சுத்த சைவம், அவ மட்டும் தேங்கா காஃபி. அவளுக்காக ஒவ்வொரு வேளையும் ‘சாய்’னு போர்டு போட்ட சைவ கடையா தேடி அலைவோம், எதுல பாத்தாலும் மீன் சாஸ் ஊத்தறாங்க. அது கூட ஜாலியாத்தான் இருந்துச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. அங்க 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் ரெண்டும் நீல கலர். ராத்திரி லைட்டுல சின்னவ பான் மீ (அங்கத்து சாண்ட்விச்) வாங்கறப்ப மாத்தி குடுத்துட்டா, நம்ம காசுக்கு ஆயிரத்தி அறுநூறு எழுநூறு ரூபா போச்சு. நான் ‘பரவால்ல, ஸ்ப்ளிட்வைஸ்ல நாலு பேருக்கும் போட்டுடலாம்’னேன் (செலவ பங்கு போடற ஆப் அது), பெங்களூர்காரி ‘விடு, அத நான் குடுத்துடறேன்’னா, சின்னவ அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. அவளுக்கு ஜூலைலதான் வேலை போச்சு.

ஹா ஜியாங் லூப்னு வடக்க மலைல பைக் ரூட் ஒண்ணு இருக்கு, 350 கிலோமீட்டர் கிட்ட, எங்க ட்ரிப்பே அதுக்காகத்தான். பெங்களூர்காரி தானே ஓட்டுவேன்னு நின்னா. இந்தியா குடுக்கற இன்டர்நேஷனல் பர்மிட் அங்க செல்லாது, அடிபட்டா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும், லோக்கல் டிரைவர் பின்னாடிதான் உக்காந்து போகணும்னு நான் சொல்ல, ‘எல்லாரும் ஓட்றாங்கடி, நீ ஒருத்திதான் ரூல்ஸ் பேசற’ன்னு நடுரோட்டுல சண்டை. கடைசில டிரைவர்தான் புக் பண்ணோம்.

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி எனக்கு காய்ச்சல். 102. விடிகாலைல பஸ். ‘நீங்க போங்கடி, நான் பாத்துக்கறேன்’னு சொன்னேன், அட்வான்ஸ் வேற திரும்ப வராது. ரூம்மேட் ரெண்டு தடவ ‘நெஜமாவா?’ன்னு கேட்டா, பாரசிட்டமால் ஸ்ட்ரிப்ப தலகாணி பக்கத்துல வெச்சா, போயிட்டாங்க.

அந்த ரெண்டு ராத்திரி இருக்கே மேடம். ஆறு பெட் டார்ம், மேல் பெட்டு, பாத்ரூம் போகணும்னா அந்த இரும்பு ஏணில நடுங்கிட்டே எறங்கணும். யாரு பாஷையும் புரியல. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, என்ன விட சின்ன பொண்ணு, ஒரு கிண்ணத்துல கஞ்சி கொண்டு வந்து குடுத்துச்சு, நம்மூரு கஞ்சியேதான், மேல வெங்காயத்தாள் தூவி இருந்துச்சு. அத குடிச்சுட்டு அழுதேன். இவங்க மூணு பேரும் ஒரு போன் கூட பண்ணல, ஆனா மா பி லெங் கணவாய்ல நின்னு, பிங்க் பூ வயல்ல நின்னு ஸ்டோரி மேல ஸ்டோரி. வீட்டுக்கு சொல்லவும் முடியாது, அம்மா அடுத்த நிமிஷம் அழ ஆரம்பிச்சுடுவாங்க.

அப்புறம் டா நாங், ஹோய் ஆன் எல்லாம் போனோம், போட்டோல நானும் சிரிச்சிருக்கேன். ஊருக்கு வந்ததுலேர்ந்து நானும் ரூம்மேட்டும் ஒரே வீட்ல இருந்துட்டு கேஸ் புக் பண்ணியா, தண்ணி கேன் வந்துச்சா, அவ்ளோதான் பேச்சு. அவளுக்கு தை மாசம் கல்யாணம், வீட்ட காலி பண்றா. கல்யாணத்துக்கு போகவே புடிக்கல. இப்பவும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, அந்த டார்ம் ஞாபகமாவே இருக்கு. இவங்க நெஜ ஃபிரண்ட்ஸே இல்லையா? சொல்லி சண்டை போடறதா, இல்ல விட்டுத் தொலைக்கறதா?

பதில்:

வணக்கம்மா. தெரியாத ஊர்ல, 102 காய்ச்சல்ல, தனியா கிடக்கறது சாதாரண விஷயம் இல்ல. அதுவும் டெங்கு இருக்கற ஊர். அத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா ‘சின்ன விஷயத்த பெருசு பண்றேனோ’ன்னு உங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்கு, இல்லாட்டி நண்பர்கள விட்டுட்டு எனக்கு எழுதியிருக்க மாட்டீங்க. பெருசு பண்ணல.

ஆனா அந்த விடிகாலைய மட்டும் இன்னொரு தடவ பாப்போம். ‘நீங்க போங்கடி’ன்னு நீங்க சொன்னத ஒரே வரில எழுதிட்டு தாண்டிட்டீங்க. நம்ம வீடுகள்ல காபி வேணுமான்னு கேட்டா மொதல்ல வேண்டாம்போம், அவங்க வற்புறுத்துவாங்க, மூணாவது தடவைதான் டம்ளர கைல வாங்குவோம். நீங்க எதிர்பார்த்தது அந்த மூணாவது தடவய. ரூம்மேட் ரெண்டு தடவ கேட்டிருக்கா, அதயும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. தூக்கம் இல்லாம, பைய தோள்ல மாட்டிட்டு, கீழ பஸ்காரன் அவசரப்படுத்தற நேரத்துல மனுஷங்களுக்கு தனக்கு சாதகமான பதில் காதுல விழுந்தா அதோட நின்னுடுவாங்க. அது அன்பு இல்லாததுனால இல்ல, அந்த நேரத்துக்கு அவங்க புத்தி அவ்ளோதான் வேலை செஞ்சிருக்கு. ‘பயமா இருக்கு, யாராவது ஒருத்தி இருங்க’ன்னு உங்க வாயால வந்திருந்தா மூணு பேர்ல ஒருத்தியாவது நின்னிருப்பான்னுதான் எனக்குத் தோணுது.

அதுக்காக அவங்க மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல. போனது ஒரு கணக்கு, போன் பண்ணாதது வேற கணக்கு. ஸ்டோரி போட சிக்னல் இருந்தவங்களுக்கு ‘காய்ச்சல் எறங்குச்சா’ன்னு கேக்கவும் சிக்னல் இருந்திருக்கும். உங்க கோவம் அங்கதான் இருக்கணும், அத பத்திதான் பேசணும். ‘என்ன விட்டுட்டு போயிட்டீங்க’ன்னு ஆரம்பிச்சா ‘நீதானே போகச் சொன்ன’ன்னு பதில் வரும், அதோட பேச்சு முடிஞ்சு போகும், நீங்க சொல்ல வந்தது உள்ளயே தங்கிடும்.

வார்டன் விஷயத்துக்கு வரேன். 1979ல மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கணவன் மனைவி ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு, வீட்டு வேலைல உங்க பங்கு எவ்ளோன்னு கேட்டாங்க. ரெண்டு பேர் சொன்னதயும் கூட்டினா நூறு சதவீதத்த தாண்டிப் போச்சு. பொய் சொல்லல யாரும், தான் செஞ்சது தனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அடுத்தவங்க செஞ்சது கண்ல படல. வேடிக்க என்னன்னா சண்டைய ஆரம்பிக்கறது யாரு மாதிரி கெட்ட விஷயத்துலயும் இதே கதைதான். உங்க ட்ரிப்ல நீங்க அதிகமா ஒழைச்சீங்கன்னு நான் நம்பறேன், சர்நேம் கட்டத்தோட மல்லுக்கட்டினவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனா மத்த மூணு பேரும் என்ன செஞ்சாங்கன்னு உங்க கடிதத்துல ஒரு வரி கூட இல்ல. ஒண்ணுமே செய்யலையா, இல்ல உங்களுக்கு ஞாபகம் வரலையா?

லைசென்ஸ் சண்டைல மட்டும் நீங்க ஒரு இஞ்ச் கூட எறங்க வேண்டாம். இந்தியா தர்ற பர்மிட் 1949 ஜெனிவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துப்படி, வியட்நாம் ஏத்துக்கறது 1968 வியன்னா ஒப்பந்தத்தோட பர்மிட்ட, அதனால நம்ம பர்மிட்ட வெச்சு அங்க ஓட்டினா லைசென்ஸ் இல்லாம ஓட்டற மாதிரிதான். நீங்க ரூல்ஸ் பேசினதால மூணு பேர் முழுசா திரும்பி வந்திருக்காங்க. அதுக்கு நன்றி வராது, வராட்டி போகுது.

எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப நேரம் மனசுல நின்னது சின்னவ. வேலை போன ஜூலைல இருந்து அவ எப்படி செலவ சமாளிச்சிருப்பா, குரூப்ல ‘எனக்கு ஓகே’ன்னு அவ டைப் பண்ணப்ப உள்ள என்ன கணக்கு ஓடியிருக்கும்? அந்த நீல நோட்டு பிரச்சன ஆயிரத்தி எழுநூறு ரூபா பிரச்சனையே இல்ல. நீங்க பங்கு போடலாம்னு சொன்னது நல்ல மனசு, பெங்களூர்காரி நான் தரேன்னதும் அநேகமா நல்ல மனசுதான், ஆனா நாலு பேர் முன்னாடி ‘உன்னால முடியாது’ன்னு சொன்ன மாதிரி அவ காதுல விழுந்திருக்கும். பணத்துல ஏற்றத்தாழ்வு இருக்கற நண்பர்கள் ஒண்ணா ஊர் சுத்தலாம், தாராளமா. ஒரு நாளைக்கு எவ்ளோக்கு மேல வேண்டாம்னு, கம்மியா இருக்கறவ சொல்ற தொகைய மொதல்லயே எல்லாரும் ஒத்துக்கணும், அவ்ளோதான். அவகிட்ட யாராவது ஊருக்கு வந்தப்புறம் பேசினீங்களா? சாப்பிடாம படுத்தவ அவளும்தானே.

இன்னொண்ணு, நாலு வருஷம் ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்தோமே, இது எப்படி இப்படி ஆச்சுன்னு தோணும். ஹாஸ்டல்ல கிளாஸ் இருந்துச்சு, வேற ஃபிரண்ட்ஸ் இருந்தாங்க, கோவம் வந்தா வெள்ளிக்கிழம பஸ் ஏறி மதுரைக்கு போயிடுவீங்க. ட்ரிப்ல எங்க போறது? முழிச்சதுலேர்ந்து தூங்கற வரைக்கும் அதே மூணு மூஞ்சி, மணிக்கு ஒரு தடவ எங்க திங்கறது எதுல போறதுன்னு முடிவெடுக்கணும், வயித்துல பசி. புதுசா கல்யாணம் ஆனவங்களே இதுல முட்டிக்கறாங்க. நடுவுல அர நாள் ஆளுக்கு ஒரு திசைல போயிட்டு சாயங்காலம் சந்திச்சா பாதி சண்டை வந்தே இருக்காது.

சரி, இப்ப என்ன செய்யறது. குரூப்ல எதுவும் எழுதாதீங்க. வாய்ஸ் நோட்டும் வேண்டாம், அத ஆளாளுக்கு திரும்பத் திரும்பக் கேட்டு புதுசு புதுசா அர்த்தம் எடுப்பாங்க. ரூம்மேட்கிட்ட மட்டும் பேசுங்க, அவ மேலதானே உங்களுக்கு அதிக வலி. அவ பொட்டி கட்டற சமயத்துல இல்ல, அதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழம மதியம் மாதிரி. ‘அந்த ரெண்டு ராத்திரி எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு, உங்க ஸ்டோரிய பாத்துட்டே இருந்தேன், நீ ஏன் ஒரு போன் பண்ணல?’ இவ்ளோ போதும். அப்புறம் வாய மூடிட்டு அவ சொல்றத கேளுங்க. அவ அழலாம், மன்னிப்பு கேக்கலாம், ‘நீ தூங்கிட்டு இருப்பன்னு நெனச்சேன்’னு சப்ப காரணம் சொல்லலாம். இதெல்லாம் சரியாகக்கூடியதுதான். சிரிச்சு ஒதுக்கிட்டு ‘இன்னுமா அதயே புடிச்சிட்டு இருக்க’ன்னா மட்டும் அந்த நட்ப கொஞ்சம் தள்ளி வெக்கலாம், அப்பவும் மத்த ரெண்டு பேர இதோட சேத்து கணக்கு முடிக்காதீங்க.

கல்யாணத்துக்கு போங்க. பேசாம போனா மண்டபத்துல பந்தில உக்காந்துகிட்டு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருப்பீங்க, அதனாலதான் முன்னாடியே பேசச் சொல்றேன். போகாம விட்டா ‘வரல’ங்கறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏன் வரலங்கறது யாருக்கும் தெரியாது.

ராத்திரி மூணு மணி முழிப்ப பத்தி கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்க. பேசினப்புறமும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல அது நிக்காம இருந்தா, அந்த டார்ம் நெனப்பு வந்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சா நேர்ல ஒரு மனநல ஆலோசகர பாருங்க. டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச ஹெல்ப்லைன் இருக்கு, 14416, தமிழ்லயே பேசலாம்.

அடுத்த ட்ரிப்னு ஒண்ணு கண்டிப்பா வரும், எந்த குரூப்ப வேணா பாருங்க, கல்யாணம் முடிஞ்ச ஆறு மாசத்துல எவளாவது ஒருத்தி ‘எங்கயாவது போலாமா’ன்னு ஆரம்பிப்பா. அப்ப டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ண பேசி வெச்சுக்கங்க: யாருக்காவது ஒடம்பு முடியலன்னா அவ வேண்டாம்னு சொன்னாலும் ஒருத்தி கூட இருக்கணும், அதுல போற அட்வான்ஸ நாலு பேரும் பங்கு போட்டுக்கணும்.